கார்புரேட்டர் தகராறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரைப் பற்றியவை. வண்டி நின்றுபோகிறது, பெட்ரோல் ஒழுகுகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என்று குறைகள் வேறு வேறாக இருந்தாலும் எழுதியவர்களில் பலர் முதலில் செய்திருப்பது ஒரே வேலைதான்: திருப்புளியை எடுத்து, அந்தக் கலவையின் விகிதத்தை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொட வேண்டும். அழுக்கு, காற்றுக் கசிவு, தேய்ந்துபோன ஊசி, இதில் எதையும் அந்த ஸ்க்ரூ சரிசெய்யாது, மறைத்து வைக்கும், அவ்வளவுதான். கீழே உள்ள பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: சில மாதங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டி. சோக் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கியே பிடித்திருந்தால் ஓடுகிறது. ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை.

எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருக்கும்போதும் லேசாக முறுக்கும்போதும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது பெரும்பாலும் இந்த ஸ்லோ ஜெட் வழியாகத்தான். அதில் பெட்ரோலே வராதபோது ஸ்க்ரூ எதைக் கூட்டும், எதைக் குறைக்கும்? சோக் போட்டால் வேறு வழியில் பெட்ரோல் கூடுதலாகப் போவதால் வண்டி ஓடுகிறது. முறுக்கிப் பிடித்தால் மெயின் ஜெட் பக்கத்திலிருந்து வருகிறது. அதனால்தான் அப்போதும் ஓடுகிறது.

நின்றிருந்த வண்டியில் இது ஏன் நடக்கிறது என்றால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் தேங்கியிருக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, மிச்சம் பசை மாதிரி படிந்துவிடுகிறது. சிறிய வண்டிகளின் ஸ்லோ ஜெட்டில் உள்ள துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதை மூட ஒரு துளிப் பசை போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், சேம்பரின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு மாதிரி படிந்திருந்தால் அது ஈரத்தால் உலோகம் அரித்த அடையாளம்.

வீட்டிலேயே செய்துவிடலாம், ஆனால் நிதானமாகச் செய்யுங்கள். திறந்த வெளியில் உட்காருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும், பத்தடி தள்ளி எரியும் அடுப்பைக்கூடத் தேடிப்போகும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோலை விடும் டேப்பை மூடி, சேம்பரின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் மணிமணியாக உருண்டால் டேங்கையும் கழுவ வேண்டும். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றுமுன் கேபிள், டியூப் எல்லாம் எங்கெங்கே போகிறது என்று போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேம்பரின் ஸ்க்ரூக்கள் மென்மையான உலோகத்தில் இறுகியிருக்கும், தலைக்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளியைப் போட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் அதை எடுப்பதே தனி வேலை. நல்ல அளவுத் திருப்புளியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

சேம்பரைக் கழற்றியதும் நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒல்லியாக இருப்பது ஸ்லோ ஜெட். பித்தளை என்பதால் திருப்புளியின் முனை அதன் வெட்டில் முழுதாக உட்கார வேண்டும், அரைகுறையாகப் போட்டுத் திருகினால் வெட்டு உடைந்து ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். வட்டம் கோணலாகத் தெரிந்தாலும் அடைப்பு பாக்கி இருக்கிறது என்றே அர்த்தம். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து அழுத்தமான காற்று அடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. போகவில்லை என்றால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி மெதுவாக விடலாம். குண்டூசி, கிட்டார் கம்பி, தையல் ஊசி எதுவும் வேண்டாம், எஃகு பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு அந்த ஜெட் வேறு அளவு ஜெட்.

ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஏர் ஸ்க்ரூவுக்குப் போகும் பாதை, எஞ்சின் பக்கம் ஆக்சிலேட்டர் வால்வின் அருகே இருக்கும் ஊசித்துளைகள், எல்லாவற்றிலும் கிளீனரை அடித்து மறுபக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்குமுன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், மற்ற ரப்பர், மிதவையான ஃப்ளோட் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கிளீனர் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

கேள்வி: ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும் என்கிறார் ஒரு மெக்கானிக். வெளியே திருகினால்தான் கூடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், வெவ்வேறு கார்புரேட்டரைப் பற்றி. ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும், வெளியே எடுத்தால் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். எஞ்சின் பக்கமாக, அதாவது ஆக்சிலேட்டர் வால்வைத் தாண்டி இருந்தால், அது கலவையாகிவிட்ட பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே எல்லாம் தலைகீழ், வெளியே எடுத்தால் ரிச், உள்ளே போனால் லீன். நம் பேச்சில் இரண்டையுமே ஏர் ஸ்க்ரூ என்றே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

எஞ்சின் பக்க ஸ்க்ரூவில் வரிசையாக ஸ்பிரிங், சின்ன வாசர், ஓ-ரிங் என்று மூன்று இருக்கும். கழற்றும்போது ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனிக்காமல் மூடினால் அந்த வழியாகக் காற்று புகுந்து எத்தனை ட்யூனிங் செய்தாலும் நிலைக்காது. இரண்டு வகையிலும் ஸ்க்ரூவின் முனை கூம்பு மாதிரி கூர்மையாக இருக்கும். உள்ளே திருகும்போது லேசாக முட்டியதும் நிறுத்திவிடுங்கள். இறுக்கினால் முனை வளையும், அல்லது அது உட்காரும் இடம் சிதையும். கார்புரேட்டரையே மாற்ற வேண்டி வருவது இப்படித்தான்.

கேள்வி: என் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை. காதால் கேட்டே ட்யூனிங் செய்ய முடியுமா? முறையைச் சொல்லுங்கள்.

முடியும், காது நன்றாகவே உதவும். ஆனால் ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா, பிளக் சரியா, வால்வு இடைவெளி சரியாக வைத்திருக்கிறதா, இதெல்லாம் முடிந்த பிறகு. வால்வு இறுகிப்போன எஞ்சினை கார்புரேட்டரில் சரிசெய்யப் பார்த்தால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி, காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். எங்காவது தொலைந்துபோனால் திரும்பி வர இதுதான் வழி. அப்புறம் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் செய்த ட்யூனிங் எல்லாம் சூடானதும் மாறிவிடும்.

திறந்த வெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். இப்போது கலவை ஸ்க்ரூவை, அதாவது ஏர் ஸ்க்ரூவை, ஒவ்வொரு கால் சுற்றாக ஒரு பக்கம் திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நொடி காத்திருங்கள், எஞ்சின் உடனே பதில் சொல்லாது. ஒரு கட்டத்தில் சத்தம் இறங்கித் தடுமாறும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வாருங்கள். சத்தம் ஏறும், சீராகும், பிறகு அந்தப் பக்கமும் தடுமாறும். இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவே எங்கே சத்தம் அதிக வேகத்தில், சீராகக் கேட்கிறதோ அதுதான் இடம். அங்கே வைத்த பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,200-க்கும் 1,500-க்கும் இடைப்பட்ட சுற்றுகளாக இருக்கும். மீட்டர் இல்லாதவர்களுக்கு அடையாளம்: விளக்குகளைப் போட்டாலும் நிற்காமல், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி, அதே சமயம் கண்ணாடி அதிராமல் இருக்க வேண்டும்.

கடைசியாக ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் முறுக்கி விடுங்கள். தயங்கிவிட்டு ஏறினால் பெரும்பாலும் லீன், எட்டில் ஒரு சுற்று ரிச் பக்கம் கொடுங்கள். முறுக்கி விட்டதும் வேகம் ஐடிலிங்குக்குக் கீழே போய்த் திணறி மேலே வந்தால் ரிச்.

நல்ல இடம் முட்டிய நிலையிலிருந்து ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அமைவதுதான் வழக்கம். மூன்று சுற்றுக்கு மேல் போயும் கிடைக்கவில்லை என்றால் திருகுவதை நிறுத்துங்கள். ஸ்லோ ஜெட்டோ அதன் பாதையோ இன்னும் சுத்தமாகவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஜெட் அளவே தவறு.

கேள்வி: வணக்கம் ஐயா. வண்டியை சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அடியில் இருக்கும் டியூப் வழியாகப் பெட்ரோல் சொட்டுகிறது. கார்புரேட்டரைத் திருப்புளியின் பிடியால் தட்டினால் நிற்கிறது, மறுநாள் மறுபடியும். எஞ்சின் ஆயிலும் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. ஓட்டலாமா?

அம்மா, ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்துவிட்டது என்றால் ஓட்டவே வேண்டாம், ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்க வேண்டாம். முதலில் டேப்பை மூடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்விடும், பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அது போதாது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தேங்கியிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைகிற ஆபத்தும் உண்டு. ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள், ஊற்றிய அளவைவிட மட்டம் ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை. முதலில் ஒழுகலைச் சரிசெய்து, பிறகு ஆயிலையும் ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

காரணம் சேம்பருக்குள் இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து மேலே வந்ததும் குழாய் அடைபடுகிறதே, அதே வேலையை இங்கே ஃப்ளோட்டும் அதன் ஊசியும் செய்கின்றன. தட்டினால் நிற்கிறது என்பதால் ஊசிக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே தூசி மாட்டியிருக்கலாம், அல்லது ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம். ஃப்ளோட்டின் பின்னைத் தள்ளி எடுத்து ஊசியைக் கையில் வைத்துப் பாருங்கள். முனையில் உள்ள ரப்பர்க் கூம்பில் நகத்தை ஓட்டினால் வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் ஊசி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். மறுமுனையில் சின்ன ஸ்பிரிங் குமிழ் இருந்தால் அழுத்தி விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். ஊசி உட்காரும் பித்தளை இடத்தை, பஞ்சு சுற்றிய குச்சியால் சுழற்றித் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒட்டுவது நிலைக்காது, புதியது போடுங்கள். ஃப்ளோட்டில் உலோக நாக்கு இருந்தால் கையேட்டில் உள்ள உயர அளவுக்கு அதை மில்லி மில்லியாக வளைத்துச் சரிசெய்யலாம். அளக்கும்போது நாக்கு ஊசியின் ஸ்பிரிங் குமிழைத் தொட மட்டும் வேண்டும், அழுத்தக் கூடாது, அதனால் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து அளப்பார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு டேங்கில் துரு இருப்பதை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடியும் எழுதுவீர்கள். டார்ச் அடித்து டேங்குக்குள் பாருங்கள். டேப்பின் வலையையும் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் உயரத்திலேயே நின்று மெதுவாகத்தான் இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது சங்கடமாக இருக்கிறது.

இரண்டே சந்தேகம்தான் முதலில். ஒன்று கேபிள். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள், சத்தம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கைப்பிடி நகரத் தொடங்குமுன் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும், விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும்.

இரண்டாவது காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு வெயிலிலும் சூட்டிலும் வெடித்துப்போகும், மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், கழற்றி இரண்டு கையாலும் வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய் கலவை லீன் ஆவதால்தான் வேகம் இறங்க மறுக்கிறது. சோதிக்கச் சிலர் ஓடும் எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடிக்கிறார்கள், சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில் இதைச் செய்வது தீயை வரவழைக்கும் வேலை. செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீரை எடுத்து இணைப்புகளின்மேல் மட்டும் பூவாகத் தெளியுங்கள். கசிவு இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். சின்னக் கசிவு இதில் தப்பிவிடலாம், அதனால் ரப்பரை வளைத்துப் பார்ப்பதையும் விடாதீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் ஸ்லோ ஜெட்டுக்கு வாருங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி இந்தக் கோளாறைச் சமாளிக்காதீர்கள், காலையில் ஐடிலிங் நிலைக்காமல் எஞ்சின் அணைந்துவிடும்.

கேள்வி: ஏர் ஸ்க்ரூவை லீன் பக்கம் வைத்தால் மைலேஜ் கூடுமாமே? மெயின் ஜெட்டையும் ஒரு நம்பர் குறைத்துப் போடலாம் என்கிறார்கள்.

வேண்டாம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும், உங்கள் வண்டியின் ஜெட்டுகள் அந்தக் கணக்கை ஒட்டித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதைவிடக் குறைந்த காற்றே போதும், ஆகவே சுத்தமான பெட்ரோலுக்கு அமைத்த பழைய கார்புரேட்டர் இப்போதே கொஞ்சம் லீன் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலும் குறைத்தால் இழுவை போகும், இழுவை போனதும் நீங்கள் கூடுதலாக முறுக்குவீர்கள், மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்துவிடும். மெயின் ஜெட்டைக் குறைப்பது இன்னும் மோசம். முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் அதிகபட்சச் சூட்டில் இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனும் வால்வும்தான் விலை கொடுக்கும்.

மைலேஜ் குறைந்த வண்டியில் நான் பார்க்கச் சொல்வது வேறு. பிரேக் உரசுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, செயின் இறுகியிருக்கிறதா, கிளச் வழுக்குகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா. கார்புரேட்டரில் என்றால் சோக் முழுதாக விடுபடுகிறதா என்று பாருங்கள். சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் தேய்ந்தோ கேபிள் இறுக்கமாகவோ இருந்தால் எப்போதும் பாதி சோக்கில் ஓடுகிற மாதிரி பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். நடு வேகத்தில் பெட்ரோலை அளக்கும் ஊசியான ஜெட் நீடிலும் அது நுழையும் பித்தளைக் குழாயும் ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்ந்தால் நடு வேகத்தில் பெட்ரோல் கூடுதலாகப் போகும், அவற்றை ஜோடியாக மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஐடிலிங் அருமை. பாதி ஆக்சிலேட்டர் வரை நன்றாகப் போகிறது. அதற்கு மேல் முறுக்கினால் திணறுகிறது. எங்கே தேடுவது?

எந்த அளவு முறுக்கும்போது கோளாறு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. கைப்பிடியிலும் அதன் பக்கத்து உறையிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போட்டுக்கொண்டு ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள். கால் பங்கு வரை ஸ்லோ ஜெட்டின் ஆட்சி. காலிலிருந்து முக்கால் வரை ஜெட் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும், ஆனாலும் தேடும் இடம் சுருங்கிவிடுகிறது. வேகத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், எந்த கியரிலும் கைப்பிடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கணக்கு.

உங்கள் வண்டியில் மெயின் ஜெட் அடைப்பு, அல்லது சேம்பருக்குப் போதுமான பெட்ரோல் வந்து சேரவில்லை. இரண்டாவதை முதலில் பாருங்கள், எளிது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறந்தால் தடையில்லாமல் கொட்ட வேண்டும். வேக்குவம் டேப் உள்ள வண்டியில் எஞ்சின் உறிஞ்சினால்தான் வரும் என்பது நினைவிருக்கட்டும். கொட்டத் தொடங்கி நூலாக மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்து பாருங்கள், புஸ் என்று காற்று உள்ளே போய், ஓட்டம் மறுபடி வந்தால் துளைதான். கால் மணி நேரம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிற வண்டிகளில் இதைப் பார்க்காமலே கார்புரேட்டரை மூன்று முறை பிரித்திருப்பார்கள்.

சி.வி. கார்புரேட்டர், அதாவது எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்லைடு மேலேறும் வகை என்றால் மேல்மூடியைத் திறந்து ரப்பர் டயஃப்ரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக மேலே ஏறாது, இழுவை வராது. மூடும்போது அதன் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வழி: திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். சரியானால் லீன். மேலும் மோசமானால் ரிச். நடு ஆக்சிலேட்டரில் மட்டும் கோளாறு இருந்து, நீடிலில் கிளிப் மாற்றும் வெட்டுகள் இருந்தால், கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் நீடில் மேலேறி ரிச் ஆகும், மேலே ஏற்றினால் லீன். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி: இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது.

சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள், கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று புகுந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் எரிந்து வெடிக்கும். அது சரி என்றால் ஐடிலிங் கலவை லீனாக இருக்கிறது, முன்பு சொன்ன முறையில் ட்யூன் செய்யுங்கள். எப்போதாவது மெலிதாக ஒன்றிரண்டு சத்தம் வருவது கோளாறு இல்லை.

கேள்வி: பிளக்கின் நிறத்தை வைத்துக் கலவையைச் சொல்லலாமா?

சொல்லலாம், சரியான சமயத்தில் எடுத்தால். கரியாக, விரலில் ஒட்டும் கறுப்பு என்றால் ரிச். வெளிர் பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், அது அவசரம். வீட்டு வாசலில் ஐடிலிங்கில் ஓடவிட்டு எடுத்த பிளக் ஐடிலிங்கைப் பற்றி மட்டுமே பேசும். மெயின் ஜெட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அந்த ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே அணைத்து, ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். ஈரமான, எண்ணெய்ப் பளபளப்புள்ள கறுப்பு வேறு கதை, அது ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் எரிவது. கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

கேள்வி: ரிப்பேர் கிட் வாங்கி எல்லா ஜெட்டையும் புதிதாகப் போட்டேன். முன்பைவிட மோசமாக ஓடுகிறது.

பழைய ஜெட்டுகளைத் தூக்கி எறியவில்லையே? அவற்றைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். பித்தளை ஜெட் சும்மா தேய்ந்துவிடாது, யாரும் கம்பியால் குத்தாதவரை. மலிவான கிட்டுகளில் எண் ஒன்று பொறித்திருக்கும், துளை வேறாக இருக்கும். நீடிலின் கூம்பும் மாறியிருக்கும். கிட்டிலிருந்து ஓ-ரிங், கேஸ்கெட், தேவைப்பட்டால் ஃப்ளோட் ஊசி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஜெட்டையும் நீடிலையும் பழையதாகவே வையுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே கார்புரேட்டர் தயாரிப்பாளரின் அசல் ஜெட் வாங்குங்கள். மிகுனி எண்ணும் கெய்ஹின் எண்ணும் ஒரே அளவைக் குறிப்பதில்லை, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வாங்காதீர்கள்.

கேள்வி: உயரமான மலைப்பகுதிக்குப் போகிறோம். ஜெட் மாற்ற வேண்டுமா?

3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஜெட் அதே பெட்ரோலைக் கொடுக்கப் பார்க்கும், காற்று குறையும், வண்டி ரிச்சாகி மந்தமாகும். சில நாள் பயணம் என்றால் ஜெட்டைத் தொடாதீர்கள், ரிச்சாக ஓடுவதால் இழுவை குறையுமே தவிர எஞ்சினுக்கு உடனடி ஆபத்தில்லை. சுத்தமான ஏர் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், கூடுதலாக ஒரு பிளக் எடுத்துக்கொள்ளுங்கள், ஐடிலிங் நிலைக்கவில்லை என்றால் கலவை ஸ்க்ரூவை லீன் பக்கம் கால் சுற்று மாற்றுங்கள். மலைமேல் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் மட்டும் மெயின் ஜெட்டைச் சிறியதாக்கலாம். அப்படி மாற்றினால் கீழே இறங்கத் தொடங்குமுன் பழைய ஜெட்டைப் போட்டுவிட வேண்டும், அடர்ந்த காற்றில் அந்தச் சின்ன ஜெட்டோடு முழு ஆக்சிலேட்டரில் ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.

கேள்வி: வெளியூர் போகிறேன், வண்டி சில மாதம் நிற்கும். கார்புரேட்டர் அடைக்காமல் இருக்க என்ன செய்வது?

டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை திறந்த வெளியில் ஓடவிடுங்கள். அப்புறம் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து சேம்பரில் மிச்சமிருப்பதையும் வடித்து, மறுபடி மூடிவிடுங்கள், ஓடி நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் இருக்கும். வேக்குவம் டேப் உள்ள வண்டியில் பெரும்பாலும் மூடும் வசதி இருக்காது, அங்கே டிரெய்ன் ஸ்க்ரூ மட்டும்தான். இரும்பு டேங்க் என்றால் துரு பிடிக்காமல் இருக்க விளிம்புவரை நிரப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் டேப்பைத் திறந்து, டியூபில் ஒழுகல் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.